அம்மாவோட கோழிக்குஞ்சுகளை யார் கொன்னது?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் ஒரு துப்பறியும் கதை சொல்லப் போறேன். சம்பவம் நடந்த இடம் எங்க வீட்டுத் தோட்டம். பலியானது கோழிக்குஞ்சுகள். சந்தேகப்பட்டது எதிர்வீட்டு அத்தையை.

எங்க ஊர் பூரணாங்குப்பம். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் வந்தா, சுண்ணாம்பாறு தாண்டி, தவளக்குப்பத்தில் கடல் பக்கமா திரும்பணும். நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். மாசத்துக்கு ரெண்டு தடவை ஊருக்குப் போவேன். அப்பா தவறினதுக்கு அப்புறம் அம்மாவும் ஆயாவும்தான் அங்க இருக்காங்க. பின்னால தென்னைமரத்தடியில் பத்துப் பதினஞ்சு நாட்டுக்கோழி. முட்டை வித்த காசு, பொங்கலுக்கு ஒரு சேவல் வித்த காசு, எல்லாம் அம்மாவோட சீட்டுக்குப் போகும். நான் பணம் அனுப்பினாலும் அந்தச் சீட்டை மட்டும் அவங்க கோழிக்காசுலதான் கட்டுவாங்க. "இது என் சம்பாத்தியம்டா"ன்னு சொல்லுவாங்க. அதனால இது வெறும் குஞ்சு செத்த கதை இல்லன்னு முதல்லயே சொல்லிடறேன்.

போன ஐப்பசியில் ஒரு பெட்டைக்கோழி அடை உட்கார்ந்து 11 குஞ்சு பொரிச்சது. மூணு வாரம் ஒரு பிரச்சினையும் இல்ல. நாலாவது வாரம் ஒருநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கினா ரெண்டு செத்துக் கிடந்துச்சு. மறுநாள் மூணு. அதுக்கு முந்தின ஈட்டிலயும் இதே கதைதான். 9 குஞ்சில் 6 போயிடுச்சு. அம்மா போன்ல பேசும்போது குரலே இல்ல.

யார் செஞ்சது? கீரின்னா கடிச்ச காயம் இருக்கும். பாம்புன்னா குஞ்சே காணாமப் போயிருக்கும். பருந்து பஞ்சாரத்துக்குள்ள வராது. ஆயா கண் திருஷ்டின்னு சொல்லி, கொட்டகை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாங்க. அம்மா வேற முடிவுக்கு வந்துட்டாங்க. எதிர்வீட்டு அத்தையோட கத்திரிச்செடியை நம்ம கோழி கிளறினதுன்னு புரட்டாசியில் ஒரு சண்டை நடந்திருந்தது. "அவதான் நொய்யரிசியில் எலிமருந்து கலந்து போட்டுட்டா." தெருவுல நின்னு சத்தமாவே சொல்லிட்டாங்க. 20 வருஷமா குழம்புக் கிண்ணம் போயிட்டு வந்துட்டிருந்த ரெண்டு வீடு. அன்னைக்கோட பேச்சு நின்னுபோச்சு.

சனிக்கிழமை நான் ஊருக்கு வந்து சேர்ந்தப்ப ஆறு குஞ்சுதான் மிச்சம். ரெண்டு இறக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, முடியைச் சிலுப்பிக்கிட்டு, கண்ணை மூடி மூலையில் நின்னுச்சு. நானும் என் பங்குக்குத் தப்பு பண்ணினேன். கடையில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் பவுடர் வாங்கினேன். சத்துக்குன்னு ஆன்லைன்ல ஒரு வைட்டமின் டானிக். ரெண்டையும் தண்ணியில் கலந்து வெச்சேன். ஞாயிறு காலையில் இன்னும் ரெண்டு போச்சு.

அப்பதான் ஒரு விஷயம் உறைச்சது. தாய்க்கோழிக்கு ஒண்ணுமே ஆகல. அதே தட்டில்தான் தாயும் தின்னுது. சொல்லப்போனா தாய் கொத்திப் போடுறதைத்தான் குஞ்சு தின்னுது. விஷம் வெச்சிருந்தா தாயை மட்டும் எப்படி விட்டுச்சு?

வெள்ளைக்கழிச்சலும் இந்தக் கணக்கில் சரியா வரல. நம்ம ஊர்ல கோழி செத்தாலே முதல்ல சொல்ற பேர் அதுதான். ராணிக்கெட் நோய்னும் சொல்வாங்க. 1926ல் இங்கிலாந்தில் நியூகாஸில் ஊர்ல கண்டுபிடிச்சதால உலகம் முழுக்க அதுக்குப் பேரு நியூகாஸில் நோய். அடுத்த ஓரிரு வருஷத்தில் குமாவுன் மலையில் இருக்கிற ராணிக்கெட்ல தெரிய வந்ததால இந்தியாவில் அந்தப் பேர். அது ஒரு வைரஸ். தடுப்பூசி போடாத இடத்தில் பெரிய கோழியையும் சேர்த்து வாரிட்டுப் போகும். கழுத்து முறுக்கிக்கும், மூச்சு இழுக்கும். எங்க வீட்ல சாகறது குஞ்சு மட்டும்தான்.

செத்த குஞ்சுகளை அம்மா அதுவரைக்கும் தென்னைமரத்தடியில் புதைச்சுட்டு இருந்தாங்க. கொலைக்கேஸ்ல முக்கியமான சாட்சியையே நாம புதைச்சுட்டோம். திங்கட்கிழமை காலையில் செத்த ஒண்ணை ரெண்டு பிளாஸ்டிக் கவர்ல கட்டி, ஐஸ் போட்ட டப்பாவில் வெச்சு, குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில் கொண்டு போனேன். ஆபீசுக்கு லீவு சொன்னப்ப காரணத்தை மட்டும் சொல்லல.

டாக்டர் வயிற்றைத் திறந்தாங்க. கோழிக்கு ரெண்டு குருட்டுக்குடல் இருக்கும். எங்க குஞ்சுக்கு அது ரெண்டும் உப்பி, உள்ள முழுக்க உறைஞ்ச ரத்தம். உள்சுவரைச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பார்த்துட்டு சொன்னாங்க: ரத்தக்கழிச்சல். காக்சிடியோசிஸ்.

கொலைகாரன் பேரு ஐமீரியா. ஒரே செல் கொண்ட ஒட்டுண்ணி. நோய் இருக்கிற கோழியோட எச்சத்தில் அதோட முட்டை மாதிரியான உறை வெளியே வரும். வந்த உடனே அதால நோய் பரப்ப முடியாது. ஈரமும் வெதுவெதுப்பும் காத்தும் கிடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்ல வீரியம் வந்துடும். அதைக் குஞ்சு கொத்தித் தின்னா, குடல் செல்லுக்குள்ள புகுந்து பெருகி, செல்லை உடைச்சுக்கிட்டு வெளியே வரும். ரத்தம் அப்படித்தான் வருது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் மறுபடியும் எச்சத்தில். ஒண்ணு உள்ள போனா ஆயிரக்கணக்கில் வெளியே வரும்.

தாய்க்கோழி எப்படித் தப்பிச்சது? சின்ன வயசுல கொஞ்சம் கொஞ்சமா தின்னு அதுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருக்கும். ஆனா நோய் இல்லாமலேயே எச்சத்தில் பரப்பிக்கிட்டு இருக்கலாம். மூணுலேர்ந்து ஆறு வாரக் குஞ்சுக்குத்தான் ஆபத்து அதிகம்.

"மழைக்காலத்தில் குஞ்சுகளை எங்க அடைக்கிறீங்க?"ன்னு டாக்டர் கேட்டாங்க. அந்தக் கேள்வியிலயே எனக்குப் பதில் கிடைச்சுது. பூனைக்குப் பயந்து அம்மா பஞ்சாரத்தைக் கொட்டகையில் ஒரே மூலையில்தான் கவிழ்ப்பாங்க. மண் தரை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரமா ஒழுகும். தண்ணிச் சட்டியைக் குஞ்சு தட்டிக் கவிழ்க்கும். முந்தின ஈட்டுக் குஞ்சுகளும் அதே மூலையில்தான் வளர்ந்துச்சு, அதே மூலையில்தான் செத்துச்சு. பாதுகாப்புன்னு நினைச்ச இடம்தான் அது.

என் ஆன்டிபயாடிக் பாக்டீரியாவுக்கான மருந்து. இதுக்குப் பிரயோஜனம் இல்ல. டாக்டர் எழுதினது ஆம்ப்ரோலியம், தண்ணியில் கலந்து கொடுக்கிறது. அது வைட்டமின் பி1 மாதிரி வேஷம் போடும். ஒட்டுண்ணி பி1னு நினைச்சு அதை எடுத்துக்கிட்டு, நிஜ பி1 கிடைக்காம பட்டினியில் சாகும். அதனால "வைட்டமின் டானிக் ஏதாவது கொடுக்கிறீங்களா?"ன்னு கேட்டாங்க. நிஜ பி1ஐ நாமே ஊத்திக் கொடுத்தா மருந்தோட வேலை கெட்டுப்போகும். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

மிச்சம் இருந்த மூணில் ரெண்டு பிழைச்சுது. பினாயில் ஊத்திக் கழுவினா போதும்னு ஆயா சொன்னாங்க. இந்த முட்டை உறை சாதாரண கிருமிநாசினிக்கெல்லாம் அசையாது. காய்ச்சலும் சூடும்தான் அதுக்கு எமன். மூலை மண்ணைச் சுரண்டி எடுத்துட்டு, புது மணல் கொட்டி, மேல உமி போட்டோம். பஞ்சாரத்தைத் தினம் ஒரு இடமா மாத்துறோம். தண்ணிச் சட்டி செங்கல் மேல ஏறிடுச்சு.

இனி அத்தை விஷயம். டாக்டர் சொன்னதை நான் வீட்ல சொன்னப்ப அம்மா எதுவும் பேசல. முறத்தில் அரிசியைப் புடைச்சுக்கிட்டே இருந்தாங்க. சாயந்திரம் மிச்சம் இருந்த மருந்துப் பாக்கெட்டை எடுத்து முந்தானையில் முடிஞ்சுக்கிட்டு எதிர்வீட்டுக்குப் போனாங்க. நான் வாசல்லேர்ந்து பார்த்தேன். "உன் வீட்டுக் குஞ்சுக்கும் இது வரும், வெச்சுக்கோ"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. அத்தை கொஞ்ச நேரம் பாக்கெட்டையே பார்த்துட்டு, "எனக்கும் அஞ்சு போச்சு அண்ணி. உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"ன்னாங்க. அவங்களும் எங்க வீட்டு மேலதான் சந்தேகப்பட்டாங்களான்னு நான் கேட்கல. குழம்புக் கிண்ணம் வர்றதுக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆச்சு.

உங்க அம்மாவோ பாட்டியோ கோழி வளர்த்தா, மூணு விஷயம் சொல்லி வைங்க. குஞ்சு செத்தா உடனே புதைக்காதீங்க. ஐஸ்ல வெச்சு, ஃப்ரீசர்ல இல்ல, அன்னைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போங்க. டாக்டர் சொல்லாம மருந்து கலக்காதீங்க. பெரிய கோழிகளும் திடீர்னு கூட்டமா செத்தா மட்டும் கையால தொடாதீங்க, போன் பண்ணிச் சொல்லுங்க. அது பறவைக் காய்ச்சலா இருக்கலாம்.

தை மாசத்து ஈட்டில் 10 குஞ்சு பொரிச்சுது. எட்டு வாரம் தாண்டி 9 இருக்கு. போன ஒண்ணை நிஜமாவே கீரி கொண்டு போச்சு. அம்மா கண்ணால பார்த்தாங்களாம்.