சாயம் போகுமா?

(மட்டாஞ்சேரியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியமும் இசையும் மணம் பரப்புதல் நம் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டதோ சாயக் கழிவுநீர். விழா நாளில் கழிவுநீரைப் பற்றிய பேச்சா என்று எவரும் முகம் சுளிக்க வேண்டா. புத்தாடை உடுத்தி வந்திருக்கிறோம்; அவ்வாடையின் கதையே இது.

துணிக்கடையில் நம் வீட்டுத் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி யாது? "சாயம் போகுமா?" என்பதே. போகாது என்று கடைக்காரர் உறுதி கூறிய பின்னரே பணப்பை திறக்கும். வெயிலுக்கும் சவர்க்காரத்துக்கும் அசையாத சாயத்தை நாம் விரும்பினோம். வேதியியலார் ஆக்கித் தந்தனர். 1856-இல் இங்கிலாந்தில் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். அன்று தொடங்கி ஆயிரக்கணக்கான சாயங்கள் பிறந்தன. ஆயின், துணியில் நிலைக்கும் அதே குணம், ஆற்றிலும் அதனை அழியாமல் நிற்கச் செய்கிறது. தொட்டியில் இட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறுவதில்லை. ஏறாத பகுதி, அதனுடன் இட்ட உப்போடு சேர்ந்து வெளியேறுகிறது.

இதன் விளைவை நொய்யல் ஆறு நமக்குக் காட்டிற்று. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியிற் கலக்கும் அவ்வாறு, திருப்பூரைக் கடக்கையில் பட்டறைகளின் வண்ணமெல்லாம் ஏந்தி ஓடியது. பாசனத்துக்கென 1992-இல் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர்த் தேக்கமாயிற்று. நீரைத் திறக்குமாறு வேண்டுவது உழவர் வழக்கம். அங்கோ திறக்க வேண்டா என்று உழவரே முறையிட்டனர். கழிவு சிறிதும் ஆற்றில் விடலாகாது என்னும் கருத்துப்படச் சென்னை உயர்நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பின்னும் கேடு நீங்காமையால், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் பணித்தது. உழவன் நிலம் இழந்தான். தொழிலாளி வேலை இழந்தான். இருவரும் நம்மவரே. எவர் பக்கம் நிற்பது நாம்?

இருவரையும் காக்கும் வழியைத் தேடுவதே அறிவின் கடன். கழிவில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் இட்டுச் சாயத்தைப் படியவைப்பது பழைய முறை. அதனால் நீர் தெளியும். ஆனால், வண்ணம் சேறாக மாறிக் குவியும். நோய் இடம் மாறிற்றே அன்றித் தீர்ந்திலது. சாயத்தையே சிதைப்பது எங்ஙனம்?

1972-இல் ஜப்பானிய அறிஞர்களான புஜிஷிமாவும் ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடின் மீது ஒளி பட்டால் நீரும் பிரியும் என்று காட்டினர். நம் வீட்டுச் சுவரின் வெள்ளை வண்ணத்தில் கலக்கும் வெண்தூளே அது. வெயில் படும் பழஞ்சுவரைத் தடவினால் கையில் மாவு ஒட்டுகிறதே, அதற்கு ஒரு காரணம் இத்தூள் வெயிலில் புரியும் வேலையே. இதனை நானோ துகளாக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு செய்தால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். 20 நானோமீட்டர் அளவுள்ள இத்துகள் ஒரு கிராம் எடுத்தால், அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 50 சதுர மீட்டர் ஆகும். புற ஊதாக் கதிர் பட்டதும் துகளினுள் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுச் சென்ற வெற்றிடம் அருகிலுள்ள நீரைத் தாக்கி, ஹைட்ராக்சில் என்னும் அடங்காப் பசியுள்ள கூறினை ஆக்கும். அது சாயத்தின் கட்டுகளைக் கடித்துத் துண்டாக்கும். இறுதியில் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீரும் சில எளிய உப்புகளுமே எஞ்சும். தூள் மட்டும் தேயாமல் மீண்டும் உழைக்கும்.

குறையையும் மறைத்தல் தகாது. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே. ஆதலால் நைட்ரஜன் முதலியன சேர்த்து, கண்காணும் ஒளியிலும் இயங்கும் துகள்களை ஆய்வாளர் ஆக்குகின்றனர். கருமையான கழிவில் ஒளி ஆழச் செல்லாது. சிதைவு பாதியில் நின்றால், சாயத்தினும் தீய பொருள்கள் தங்கிவிடலாம். பயன்படுத்திய துகளைத் திரும்பப் பெறாவிடின் அதுவே புதிய கழிவு. ஆகவே கண்ணாடியிலும் மணிகளிலும் பதித்துப் பார்க்கின்றனர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒளி உப்பைத் தொடாது. நொய்யல் நிலத்தைப் பாழ்படுத்தியதில் உப்புக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை நீக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொப்பரையும் வேண்டும். ஆதலின் இம்முறை தனி மருந்தன்று, துணை மருந்து.

இதில் நம் ஊருக்கு என்ன தொடர்பு என்பீர்கள். இத்தூளின் மூலமாகிய இல்மனைட் மணல், கொல்லத்தை அடுத்த சவறாவிலும் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கரையோரம் கிடக்கிறது. நாம் பிறந்த நாடும் புகுந்த நாடும் ஒரே கடல்மணலால் இணைந்தவை! மேலும், ஃபோர்ட் கொச்சியில் வெளிப் பகுதியிலுள்ள தோபிகானாவை அறியாதார் நம்முள் யார்? டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடை வெளுக்க வந்த தமிழரின் வழியினர் இன்றும் அங்கே கல்லில் அடித்து, கஞ்சியிட்டு, நீலம் தோய்த்து, கயிற்றில் உலர்த்துகின்றனர். வெயில் வெளுக்கும் என்பது அவர்கள் கைகண்ட கல்வி. அதன் காரணத்தை ஆய்வகம் இன்று விளக்குகிறது.

நம் பிள்ளைகளுள் வேதியியல் பயில்வோர் இத்துறையை நாடுக. மற்றையோராகிய நாம், அடுத்த முறை கடையில் "சாயம் போகுமா?" என்று கேட்கையில், "போன சாயம் எங்கே போயிற்று?" என்றும் கேட்போமாக. கடைக்காரர்க்கு விடை தெரியாதிருக்கலாம். கேட்பவர் பலரானால், அக்கேள்வி கடையிலிருந்து பட்டறை வரை சென்று சேரும்.