பாலை வழியே பாதயாத்திரை

(கந்தளாயில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேனாட்டு வாலிபர் பலர் பாலைவனத்திலுள்ள தேசிய வனங்களினூடே வாரக்கணக்கில் மோட்டாரிற் பிரயாணஞ் செய்கின்றனர். அத்தகைய மணல்வெளி நம் நாட்டில் இல்லை. ஆயினும் பாலை வழி ஒன்று நமக்கும் உண்டு. உகந்தையிலிருந்து குமண, யால என்னும் இரண்டு தேசிய வனங்களை ஊடறுத்துக் கதிர்காமம் செல்லும் காட்டுப் பாதையே அது. சென்ற ஆண்டு அவ்வழியே நடக்கும் பேறு எனக்கும் கிட்டியது.

நம் முன்னோர் நிலத்தை ஐவகையாகப் பகுத்தனர். அவற்றுள் பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. கோடை முற்றியபோது காடும் மலையுமே தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்றனர். யால வனத்தை ஆடி மாதத்தில் கண்டவர் இதனை ஒப்புவர். மாரி மழை ஓய்ந்து மாதங்கள் பல கழிந்திருக்கும். குளங்கள் சேறாகி வெடிக்கும். சிற்றாறுகள் மணலாய்க் கிடக்கும். முட்புதர்களிடையே பாலை மரமும் வீரை மரமுமே பச்சை காட்டும். கந்தளாய்க் குளத்து நீரில் விளையாடி வளர்ந்த நமக்குத் தண்ணீரின் அருமை அங்கேதான் விளங்கும்.

யாத்திரை தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்குகிறது. முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் வழியாக அடியார்கள் உகந்தையை அடைகின்றனர். நாட்கள் போதாத மாணவர் பொத்துவில் வரை பஸ்ஸிற் சென்று உகந்தையில் நடையைத் தொடங்கலாம். அப்பால் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என நான்கைந்து நாள் நடை. இடையில் ஊரில்லை; கடையில்லை.

இப்பாதையில் நடப்பது எத்துணைப் பெரிய சலுகை என்பதை நாம் உணர வேண்டும். யால 1938இல் தேசிய வனமாயிற்று. முன்னர் கிழக்கு யால எனப்பட்ட வனம் 2006இல் குமண எனப் பெயர் பெற்றது. யுத்தத்தினால் அது 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. இவ்வனங்களுக்குப் பணங்கொடுத்துச் செல்லும் உல்லாசப் பிரயாணி, நினைத்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்க முடியாது. யாத்திரிகருக்கோ, திருவிழாவை ஒட்டிய சில தினங்கள் மட்டும் வனஜீவராசிகள் திணைக்களம் கதவைத் திறந்து, காலால் நடக்க அனுமதி தருகிறது.

“வனம் என்று கோடு கிழிக்கும் முன்பே நம் பாட்டனார் நடந்த பாதையன்றோ? அனுமதி எதற்கு?” எனச் சிலர் கேட்பர். அவர் கூறுவதில் உண்மையுண்டு. ஆனால் பாட்டனார் கொண்டு சென்றவை அவலும் பொரிவிளாங்காயும் ஒரு செம்பும். அவர் எறிந்த இலையைக் காடு தின்றது. இன்று ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றோம். தண்ணீர்ப் போத்தலும் பொலித்தீன் பையும் பிஸ்கற் உறையும் நம் பின்னே சிதறிக் கிடக்கின்றன. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மடிந்தன என்று 2022ஆம் ஆண்டுத் தை மாதத்திற் செய்தி வந்தது. அந்த மாவட்டத்தைக் கடந்தே நாம் உகந்தையை அடைகின்றோம். நமக்குக் குடிநீர் பவுசரில் வரும். மானுக்கும் யானைக்கும் எஞ்சியிருப்பவை அந்தச் சில நீர்நிலைகளே.

நான் மிஷன் பள்ளியிற் படித்த காலத்தில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நடந்த கதையைக் கேட்டிருக்கிறேன். அன்றன்றைக்குப் போதுமான மன்னாவையே அவர்கள் சேர்க்கலாம். மறுநாளுக்கென ஒளித்து வைத்தவனின் பங்கு புழுத்துப் போயிற்று. வெறுங்கையோடு வேலவனை நாடிச் சென்ற நம் அடியார்களும் வேறு எதைக் கற்பித்தனர்? வறண்ட நிலத்தில் நடப்பவன் வேண்டியதை மட்டும் கொள்ள வேண்டும் என்பதை இரு சமயத்தாரும் அறிந்திருந்தனர்.

ஆதலின் நம் சங்கத்திலிருந்து இவ்வாண்டு புறப்படும் வாலிபர் சில நியமங்களை ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். துணிப்பையும் உலோகச் செம்புமே கொண்டு செல்வோம். உகந்தையிற் பொருள்களை எண்ணிக் கட்டி, கதிர்காமத்தில் உறையொன்றும் குறையாமல் எண்ணிக் காட்டுவோம். ஆற்றிற் சவர்க்காரம் இடோம். இருட்டியபின் நடவோம். யானையைக் கண்டால் ஆரவாரஞ் செய்யாது ஒதுங்கி வழிவிடுவோம்.

இவற்றைச் செய்யாவிடின் ஒருநாள் அக்கதவு அடைபடலாம். நம் குப்பையையே காரணமாகக் காட்டி அடைத்தால், பாட்டனார் பெயரைச் சொல்லி நாம் வாதாட முடியுமா? பெரியோர்கள் எங்களுக்கு அந்தப் பாதையைத் தந்தீர்கள். அதை எங்களுக்குப் பின் வருவோரிடம் அழுக்கின்றி ஒப்படைப்பது எங்கள் கடன்.