ஆபீஸ் பளுவும் வீட்டார் பொறுப்பும்

(கல்யாணில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வேலையிடத்தில் மன அழுத்தம்" என்ற தலைப்பைப் பற்றிப் பேசக் கல்யாணைவிடப் பொருத்தமான ஊர் இருக்குமா தெரியவில்லை. இங்கிருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 54 கிலோமீட்டர். ஸ்லோ லோக்கலில் ஒன்றரை மணி நேரம். பாந்திரா-குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை என்றால் குர்லாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஐரோலி என்றால் தாணேயில் வண்டி மாற வேண்டும். 2025 ஜூன் 9 அன்று காலையில் மும்ப்ரா அருகே கூட்டம் பிதுங்கிய லோக்கலிலிருந்து பயணிகள் விழுந்து இறந்ததை நாம் மறக்க முடியாது. ஆக, ஆபீஸ் நாற்காலியில் உட்காருமுன்பே பாதி சக்தி செலவாகிவிடுகிறது.

"நாங்களும்தான் வேலை பார்த்தோம், எங்களுக்கு வராத ஸ்ட்ரெஸ்ஸா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருந்துகொண்டு கோட்டைப் பகுதி ஆபீஸ்களுக்கு டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோவாகவும் போன தலைமுறைக்கும் கஷ்டம் இருந்தது. ஆனால் மாலையில் டைப்ரைட்டருக்கு உறை போட்டால் ஆபீஸ் அங்கேயே நின்றுவிடும். இன்று அது செல்போனில் ஏறிச் சாப்பாட்டு மேஜைக்கும் படுக்கைக்கும் வருகிறது.

அழுத்தம் என்பது உடம்பின் இயற்கை. ஆபத்து என்று மனது நினைத்தால் அட்ரினலினும் கார்ட்டிஸாலும் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பரீட்சைக்கும் இன்டர்வியூவுக்கும் அது உதவும். காரியம் முடிந்ததும் தணிந்துவிட வேண்டும். தணியாமல் மாதக்கணக்கில் நீடித்தால்தான் தொல்லை.

வேலை ஜாஸ்தியாக இருப்பது மட்டும் காரணமா? லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த 'வைட்ஹால்' ஆய்வு எல்லோரையும் வியக்க வைத்தது. பெரிய பொறுப்பு வகித்த மேலதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் மூன்று மடங்குக்கு மேல் இதய நோயால் இறந்தார்கள். புகை, ரத்த அழுத்தம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்தும் வித்தியாசம் முழுவதும் மறையவில்லை. 1985-ல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில், தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் தனக்குச் சொல் இல்லாத நிலை ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. நேரமும் ஒரு காரணம்தான். வாரத்துக்கு 90 மணி நேர வேலை பற்றி எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமண்யன் சொன்னது 2025 ஜனவரியில் வீடுதோறும் விவாதமாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வோ, வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்கிறது.

அடையாளங்கள் என்ன? விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து மறுபடி தூக்கம் வராமை. கழுத்து, தோள் வலி. அஸிடிட்டி. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுதல். தெரிந்த வேலையிலும் தவறுகள். ஞாயிறு சாயந்திரமே மனது கனத்துப்போவது. காபியோ சிகரெட்டோ கூடுவது. இவற்றுக்கு மேல், முழு ஓய்ச்சல், வேலையில் வெறுப்பு, "என்னால் ஒன்றும் ஆகவில்லை" என்ற எண்ணம் மூன்றும் சேர்ந்தால் அது 'பர்ன் அவுட்'. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதைத் தன் பட்டியலில் வேலை சம்பந்தப்பட்ட நிலையாகச் சேர்த்தது. தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை ஆகியவையும் இதே மாதிரி காட்டும் என்பதால் டாக்டரிடம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலியை மட்டும் 'டென்ஷன்' என்றோ 'காஸ்' என்றோ தள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2024 ஜூலையில் புணேயில், வேலையில் சேர்ந்து நாலே மாதமான 26 வயது சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் பெண் காலமானாள். அவள் தாயார் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் படிக்கப்பட்டது. பட்டமளிப்புக்கு வந்த பெற்றோரிடம் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்றாள், டாக்டரிடம் காட்டினார்கள், தூக்கமும் வேளைக்குச் சாப்பாடும் இல்லை என்றார், மறுபடியும் வேலைக்குப் போனாள் என்று அந்தத் தாய் எழுதியிருந்தார். வேலைப்பளுவே காரணம் என்பதை நிறுவனம் மறுத்தது. அந்த வழக்காடலுக்குள் நாம் போக வேண்டாம். பெண்ணின் கஷ்டம் வீட்டார் கண்ணில் பட்டது. பட்ட பிறகும் வேலையை நிறுத்த யாருக்கும் வழி தெரியவில்லை. நம் வீடுகளிலும் "குழந்தை ராப்பகலா உழைக்கிறான்" என்று பெருமையாகத்தான் சொல்கிறோம்.

என்ன செய்யலாம்? முதலாவதாக, ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எந்த நேரம், எந்த வேலை, யார் பேசியபோது படபடப்பு வந்தது என்று. நாம் மாற்றக்கூடியது எது, கேட்டுப் பெறக்கூடியது எது, மாற்றவே முடியாதது எது என்று பிரித்துப் பாருங்கள். பாஸிடம் "முடியாது" என்று சொல்லத் தயங்குபவர்கள், "இந்த மூன்றில் எதை முதலில் முடிக்கட்டும்?" என்று கேட்கலாம். பறிபோன சொல்லில் கொஞ்சம் திரும்பி வரும்.

இரண்டாவது, எல்லை. தாணே தாண்டினால் மெயில் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லோக்கலில் பஜனை செய்துகொண்டு வருகிற கோஷ்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பாட்டு, சிநேகிதம் இரண்டுமே மருந்து. தினம் அரை மணி நடை. மூச்சை மெதுவாக இழுத்து, இன்னும் மெதுவாக விட்டால் இதயத் துடிப்பு தணியும்; பிராணாயாமம் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூன்றாவது, வீடு. ஐந்து மணிக்கு எழுந்து டப்பா கட்டிவிட்டு லோக்கலைப் பிடிக்கும் மாட்டுப்பெண், ஏழரைக்குத் திரும்பி மறுபடி அடுப்படியில் நின்றால் அவளுக்கு இரண்டு ஆபீஸ். ராத்திரிச் சமையலை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வது தயவு அல்ல, கடமை. பிள்ளையிடம் "ப்ரமோஷன் எப்போ?" என்று கேட்பதைக் குறைத்து, "சாப்பிட்டாயா, தூங்கினாயா?" என்று கேளுங்கள். அவன் வேலையை விடலாமா என்று யோசித்தால், "நாலு பேர் என்ன சொல்லுவா" என்பதை முதல் பதிலாகச் சொல்லாதீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்குச் சேமிப்பு இருந்தால் அந்தப் பேச்சு சுலபமாகும்.

வீட்டில் சொல்ல முடியாதவர்களுக்கு அரசாங்கத்தின் டெலி-மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது; எண் 14416; இருபத்து நாலு மணி நேரமும் இலவசம்; தமிழிலும் பேசலாம். மனோவைத்தியரைப் பார்ப்பது கண் டாக்டரைப் பார்ப்பது போலத்தான். உயிர் வாழவே வேண்டாம் என்ற நினைப்பு யாருக்காவது வந்தால் அவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். காத்திருக்கிற வீட்டுக்கு வேறு ஆள் கிடைக்க மாட்டார். இன்று ராத்திரி வீட்டில் இதைப் பற்றிப் பேச்சு எடுங்கள்.