மூன்று வார்த்தைகளும் ஒரு கடிகாரமும்

(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் கோப்பு பார்த்து ரிடையர் ஆனவன். எழுபது தாண்டியதும் எல்லோரையும் போல எனக்கும் மறதி பற்றிய பயம் வந்தது. அதனால் கொஞ்சம் படித்தேன். அதில் நமக்கு உபயோகப்படும் என்று பட்டதைச் சொல்கிறேன்.

நம் அகங்களில் ஒரு பேச்சு உண்டு. "மாமாவுக்கா மறதி? விஷ்ணு சஹஸ்ரநாமம் முழுக்க ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறாரே! ஐம்பது வருஷத்துக்கு முன் குடியிருந்த குவார்ட்டர்ஸ் நம்பர்கூட ஞாபகம் இருக்கே!" அல்சைமர் விஷயத்தில் இது சாட்சியே ஆகாது. சிறு வயதிலிருந்து ஆயிரம் தடவை சொல்லி மனதில் ஏறியது கடைசியில்தான் போகும். பெரும்பாலும் முதலில் அடிபடுவது புதிதாக ஒன்றைப் பதிய வைக்கும் சக்தி. அதற்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை இந்த வியாதி ஆரம்பத்திலேயே பிடித்துவிடுகிறது. காலையில் பால்காரருக்குப் பணம் கொடுத்தது மத்தியானம் நினைவிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சிறிய சோதனைகள் இதைத்தான் பிடிக்கப் பார்க்கின்றன. 2000ல் வெளியான மினி‑காக் சோதனைக்கு மூன்று நிமிஷம் போதும். மூன்று வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். பிறகு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள். அது முடிந்ததும் அந்த மூன்று வார்த்தைகள் என்ன என்று கேட்பார்கள். வார்த்தைக்கு ஒரு மார்க், கடிகாரத்துக்கு இரண்டு. ஐந்துக்கு மூன்றுக்கும் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். கடிகாரம் குழந்தை விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் 'பத்து' என்று காதில் விழுந்ததும் நிமிஷ முள்ளை 2ல் வைக்காமல் 10ல் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. சொன்ன எண் கையை இழுக்கிறது, அதை அடக்க மூளைக்கு முடியவில்லை.

1975ல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005ல் கனடாவிலிருந்து வந்த மோக்கா, இரண்டுக்கும் 30 மார்க். இங்கே ஒரு சிக்கல். எழுதப் படிக்கத் தெரியாதவரை வாக்கியம் எழுதச் சொன்னால் வியாதி இல்லாமலே மார்க் குறையும். அதனால் 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களுக்காக ஹிந்தியில் மாற்றி அமைத்தபோது, வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நமக்கு இது தலைகீழ். படித்துப் பெரிய பதவிகளில் இருந்தவர்கள் ஆரம்பக் கட்டத்தில் நல்ல மார்க் வாங்கித் தப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், கணக்கில் புலி, எம்.எம்.எஸ்.இ.யில் 28 வாங்கினார். ஆனால் ஒரே மின்சார பில்லை இரண்டு தரம் கட்டியதை அவர் ஆத்துக்காரிதான் கவனித்தாள்.

ஆகவே வீட்டார் சொல்வதற்கும் மதிப்பு உண்டு. ஏ.டி.8 என்று எட்டே கேள்விகள் உள்ள ஒரு படிவம் இருக்கிறது. கேட்டதையே திரும்பக் கேட்கிறாரா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, புது சாமானை இயக்கக் கற்க முடிகிறதா என்பது போன்றவை. கேட்பது சமீப வருஷங்களில் வந்த மாறுதலைப் பற்றி. இரண்டு 'ஆம்' வந்தாலே டாக்டரிடம் போக வேண்டும். மாட்டுப்பெண் இதைச் சொன்னால் மட்டும் நாம் ஏனோ கோபித்துக்கொள்கிறோம்.

மார்க் குறைந்தால் உடனே அல்சைமர் என்று முடிவு கட்ட வேண்டாம். தைராய்டு குறைவு, மனச்சோர்வு, காது மந்தம், தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள் எல்லாமே மறதியைக் காட்டும். நம்மவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. காய்கறி, பருப்பில் அது கிடையாது. பால், தயிரில் ஓரளவு உண்டு. வயதானால் வயிறு அதை உறிஞ்சுவது குறையும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும், வருஷக்கணக்காகச் சாப்பிடும் அசிடிட்டி மாத்திரையும் இன்னும் குறைக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் மலிவு. 2023ல் வெளியான அகில இந்திய ஆய்வு, 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று கணக்கிட்டது. நமக்கு வந்திருப்பது அதுதானா, அல்லது சரி செய்யக்கூடியதா என்று சீக்கிரம் பிரித்துப் பார்க்கத்தான் சோதனை. அதுவாகவே இருந்தாலும், உயில், பாங்க் நாமினேஷன், யாரிடம் இருப்பது போன்றவற்றை அவரே தீர்மானிக்க அவகாசம் கிடைக்கும்.

வெளியூர்களில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழில் யோசிக்கிறவரை ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ சோதித்தால் மார்க் நம்பத்தகுந்ததல்ல. மோக்கா தமிழிலும் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். கூடப் போகிறவர் பதிலை எடுத்துக் கொடுக்கக்கூடாது. மாமா வாயைத் திறப்பதற்குள் மாமி தேதியைச் சொல்லிவிடுகிறாள்! டிபார்ட்மென்ட் பரீட்சை மாதிரி கேள்விகளை முன்கூட்டிப் படித்துக்கொண்டு போகவும் கூடாது. காய்ச்சலோ ஆபரேஷனோ ஆன சமயத்தில் வேண்டாம். கண்ணாடி, காது மிஷின், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் கையோடு எடுத்துப் போங்கள். வாங்கிய மார்க்கைத் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், அடுத்த தடவை ஒப்பிட அதுதான் ஆதாரம். எங்கே போவது என்று தெரியாவிட்டால், 1992ல் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கத்துக்குப் பல நகரங்களில் கிளைகள் உண்டு.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். மருந்தின் பெயரை மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம்.