சாலையிலிருந்து சர்வகலாசாலைக்கு

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைவீதியில் தலைமுறைகளாக வணிகம் புரியும் தமிழர்க்கு, 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலை அண்டை வீடு போன்றது. 1957-இல் அது கேரளப் பல்கலைக்கழகமாயிற்று.

இன்று ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிக்கலாம். இடம் கிடைத்தபின் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்தாவிடில் அது கைநழுவும். ஆதலின் பணத்தை முன்னரே சேர்த்தல் நன்று.

பணத்தினும் முந்தியது சான்றிதழ். ஷெட்யூல்டு வகுப்பினர் பட்டியல் மாநிலந்தோறும் வேறு. சொந்த மாநிலச் சான்றிதழைக் காட்டிக் குடியேறிய மாநிலத்தில் இடஒதுக்கீடு கோர இயலாதென 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சலுகையை நம்பிச் செலவைக் கணக்கிட்ட குடும்பம் இறுதி நாளில் திகைக்க நேரும்.

சாலைக்குரிய இவ்வெச்சரிக்கை, பிற மாநிலங்களில் வாழும் நம் அனைவர்க்கும் உரியதே. பிள்ளை பத்தாம் வகுப்பில் பயிலும்போதே தாலுகா அலுவலகத்தில் உசாவித் தெளிவோமாக.