கும்பகோணத்துக் கிரயப் பத்திரம்



கும்பகோணத்தில் எங்கள் பூர்வீக வீட்டைச் சிறிய பாட்டனார் வஞ்சகமாய் விற்றுவிட்டார் என்பதே யாம் பால்யத்திற் கேட்டு வளர்ந்த கதை. அதனால் இரு கிளையாரும் மூன்று தலைமுறையாய்க் கலியாணம் கருமாதிகளுக்கும் போக்குவரத்தில்லாதிருந்தோம்.

சென்ற தை மாதம் மக்களுடன் சென்னையினின்றும் மோட்டாரிற் புறப்பட்டேன். பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு கடந்து, கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ஆம் வருஷம் கட்டப்பட்ட கீழணையைக் கண்டதும், “இனி நம் சீமை” என்று வாய்விட்டுச் சொன்னேன்; பிள்ளைகள் நகைத்தனர். காவிரிக்கரையருகே வீடிருந்த இடத்தில் இப்பொழுது பாத்திரக்கடை.

பின்னர்ப் பத்திரப்பதிவு ஆபீஸை நாடினேன். ஸ்தாவர சொத்துப் பத்திரங்கள் முதற் புத்தகத்திற் பதியப்படும். 1908-ஆம் வருஷத்து ரிஜிஸ்திரேஷன் சட்டப்படி கட்டணம் செலுத்துவோர் யாவரும் நகல் பெறலாம். நம்மவரிற் பலர் இதனை அறியார். வில்லங்கம் பார்த்து, 1931-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தின் நகலைப் பெற்றேன். அது நெல் விலை விழுந்து கிடந்த காலம். விற்றவர் இருவர், முதற்பெயர் என் பாட்டனாருடையது. அவரது நெல் மண்டிக் கடனைத் தீர்க்கவே விற்பதாகவும், ரிஜிஸ்திரார் முன்னிலையில் ரொக்கத்தை அவரே பெற்றுக்கொண்டதாகவும் கண்டிருக்கிறது. மண்டியிற் சிறிய பாட்டனாருக்குப் பங்கில்லை. தமையன் கடனுக்காகத் தம் பாகத்தையும் விட்டுக்கொடுத்தவரையே யாம் தூற்றிவந்தோம்.

பாட்டனார் தம்பியை ஏசியதாக எனக்கு நினைவில்லை. ஏசியவர்கள் நாங்களே.

அக்கிளையார் இச்சபைக்கு வந்திருக்கிறார்கள். நகல் என் கையிலிருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் கொடுப்பேன். வைகாசியில் என் மகள் விவாகம். தாம்பூலத்துடன் நாளையே அவர்கள் வீட்டிற்கு வருகிறேன். கதவைத் திறக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.