அம்மாவோடு ஒரு விமானப் பயணம்

(மயிலாடுதுறையில் நடந்த ஆதரவாளர் குடும்பக் கூடுகையில் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை)



என் தாயாருக்கு மறதி நோய் உண்டு. மருத்துவர்கள் அதை டிமென்ஷியா என்கிறார்கள். நம் தேசத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. நம் ஊரிலும் பல வீடுகளில் பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். பெற்றோரை அழைத்துப்போக விரும்புகிறார்கள். ஆகவே என் அனுபவத்தைச் சொல்லுகிறேன்.

மும்பையிலுள்ள தங்கையைப் பார்க்க அம்மாவை விமானத்தில் அழைத்துப் போனேன். பாதுகாப்புச் சோதனையில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்பதை நான் யோசிக்கவேயில்லை. அம்மாவின் நோயைப் பற்றி அங்கே யாரிடமும் சொல்லவுமில்லை. சோதனை முடிந்து பையை எடுத்துக்கொண்டு திரும்பினேன், அம்மாவைக் காணோம். பத்து நிமிஷம் பைத்தியம் பிடித்தவன்போல ஓடினேன். கடைசியில் ஒரு துப்புரவுப் பணியாளரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “கூறைநாட்டுக்கு எந்த பஸ்?” என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குற்றம் என்னுடையதுதான்.

திரும்பும்போது தங்கையும் எங்களோடு வந்தாள். 48 மணி நேரத்துக்கு முன்பே விமானக் கம்பெனியிடம் சக்கர நாற்காலியும் துணையாளும் கேட்டோம். சோதனையில் நான் முந்திப்போய் மறுபுறம் காத்திருந்தேன்; தங்கை அம்மாவை விட்டு விலகாமல் வந்தாள். காவலரிடமும் விஷயத்தைச் சொன்னோம். பெயரும் என் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு அம்மாவின் சுருக்குப்பையில் இருந்தது. அன்று எடுத்த புகைப்படம் என் கையில் இருந்தது. மருந்துகளைக் கைப்பையிலே வைத்தோம். பொழுது சாய்ந்தால் அம்மாவுக்குக் குழப்பம் கூடும். ஆகையால் காலை விமானத்தையே தெரிந்துகொண்டோம். அமைதியாகத் தூங்கட்டும் என்று புதிதாக மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை. அது தடுமாற்றத்தை அதிகமாக்கி விழச் செய்யலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக, 2016-ல் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் பூப்போட்ட கழுத்துப்பட்டை ஒன்றை ஏற்படுத்தினார்கள். அதைக் கண்டால் ஊழியர்கள் பொறுமையாக உதவுவார்கள். நம் நாட்டில் பெங்களூரு விமான நிலையத்திலும் அது வந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். மும்பையில் இருந்த நாளெல்லாம் அம்மா, “வீட்டுக்குப் போகலாம்” என்றே கேட்டார்கள். அந்தப் பயணம் அம்மாவுக்காக அல்ல, எங்களுக்காக என்று அப்போதுதான் புரிந்தது. புறப்படுமுன் நீங்களும் இதை யோசியுங்கள், மருத்துவரையும் கேளுங்கள்.

இப்போது வருஷத்துக்கு இருமுறை தங்கையே இங்கே வருகிறாள். “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று அம்மா கேட்கிறார்கள். ஆனால் அவள் கையை மட்டும் விடுவதில்லை.